நாலு சக்கரமும் எல்லாச் சக்கரமும்

இனி இந்த வீட்டில் வண்டியைத் தேர்ந்தெடுப்பவன் நான்தான் என்று ஒரு காலையில் பல் துலக்கிக்கொண்டிருக்கும்போது முடிவெடுத்தேன். பெரிய முடிவுகளை நான் எப்போதும் பல் துலக்கும்போதுதான் எடுப்பேன். வாய் நிறைய நுரை இருப்பதால் உடனே வெளியே சொல்லிவிடும் ஆபத்து இல்லை. கொப்பளித்து முடிப்பதற்குள் முக்கால்வாசி முடிவுகள் தண்ணீரோடு போய்விடும். அன்றைய முடிவு மட்டும் போகவில்லை. காரணம், அதில் ஒரு லீவர் இருந்தது.

லீவரைப் பற்றிச் சொல்வதற்கு முன் என் வீட்டு நிலவரத்தைச் சொல்லிவிடுகிறேன். டிவி ரிமோட் மகள் கையில். வெந்நீர் சுவிட்ச் மனைவி கையில். ஃபேன் எந்த வேகத்தில் சுற்ற வேண்டும் என்பதை அவர்கள் இரண்டு பேரும் பேசி முடித்து எனக்குத் தெரிவிப்பார்கள். சட்டைக்குள் நுழைந்துகொள்ள மட்டும் எனக்கு முழுச் சுதந்திரம் உண்டு. எந்தச் சட்டை என்பது கட்டில் மேல் எடுத்து வைக்கப்பட்டிருக்கும். இதில் எனக்குப் பெரிய மனக்குறை ஒன்றும் இல்லை. எடுத்து வைக்கிற சட்டை எனக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனாலும் போட, எடுக்க, இழுக்க, தள்ள என்று இந்த வீட்டில் என் கைக்கென்று ஒரே ஒரு பிடி வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை.

நான் கண்ணாடிக்காரன். முகம் பார்க்கிற கண்ணாடி இல்லை, மூக்கில் மாட்டுகிற கண்ணாடி. வருகிறவர்களை நாற்காலியில் உட்கார வைத்து, வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா?" என்று நாள் முழுக்கக் கேட்பதுதான் என் பிழைப்பு. பாதிப்பேர், "ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு" என்பார்கள். கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இரண்டும் ஒன்று என்றால் நான் எதற்கு? "புதுக் கண்ணாடி போட்டா எல்லாம் சரியாயிடுமா?" என்று சிலர் கேட்பார்கள். "பாக்கலாம்" என்பேன். பொய்யும் இல்லை, வாக்குறுதியும் இல்லை. கண்ணாடிக் கடைக்கு அதைவிடப் பொருத்தமான சொல் கிடையாது.

கடையில் சொல்லிச் சொல்லி அந்தச் சொல் என்னோடு வீட்டுக்கும் வந்துவிட்டது. மனைவி வீட்டுக்குப் பின்னால் செடிகள் வளர்த்து விற்கிறாள். நாற்றுகளுக்கு வெயில் தாங்கவில்லை, நிழல்வலை கட்ட வேண்டும் என்று ஒருமுறை கேட்டாள். "பாக்கலாம்" என்றேன். அன்றைக்கு அவள் நட்ட கன்றுகள் வளர்ந்து, இன்றைக்கு மற்ற கன்றுகளுக்கு அவையே நிழல் கொடுக்கின்றன.

எங்கள் வீடு ஒரு மேட்டின் உச்சியில் இருக்கிறது. கீழே தார் ரோடு. அங்கிருந்து வாசல்வரை மண் பாதை. மழை பெய்தால் அந்தப் பாதையில் கால் வைக்கிறவர்கள் எங்கே போக நினைத்தாலும் கீழேதான் போய்ச் சேருவார்கள். எங்கள் பழைய கார் மழைக்காலம் முழுக்கத் தார் ரோட்டிலேயே நின்றுவிடும். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, அவளுடைய உர மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு நான் ஏறுவேன். அந்தக் காரும் ஒருநாள் கண்ணை மூடிவிட்டது. மெக்கானிக் பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு மரியாதையாக மூடினார்.

பல் துலக்கி முடிவெடுத்த அன்று, இரவுச் சாப்பாட்டின்போது அறிவித்தேன்.

"ஃபோர் வீல் டிரைவ் வாங்கப் போறோம்."

"அப்படியா?" என்றாள் மனைவி. "நான் ஒரு குட்டி வண்டி பாத்தேங்க. சோப்புக் கட்டி மாதிரி வழவழன்னு அழகா இருந்துச்சு. ஆல் வீல் டிரைவ்னு எழுதியிருந்தாங்க. அதையே வாங்கிடலாமே?"

"அது வேற, இது வேற."

"ஆல் வீல்னா என்ன?"

"எல்லாச் சக்கரமும்."

"ஃபோர் வீல்னா?"

"நாலு சக்கரமும்."

"வண்டிக்கு மொத்தம் எத்தனை சக்கரம்?"

"நாலு."

"அப்போ ரெண்டும் ஒண்ணுதானே?"

என் கடை நாற்காலியிலிருந்து யாரோ எழுந்து வந்து என் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்ததுபோல் இருந்தது.

"ஒண்ணு இல்ல!" என்று கத்தினேன்.

"ஆமா, டிக்கியில ஒரு ஸ்டெப்னி இருக்கும்ல? ஆல்னா அதுவும் சேர்ந்து ஓடுமோ?"

மகள் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தவள் புரையேறி எழுந்து போனாள். நான் சமையலறைக்குள் போய் நாலு வெங்காயம் எடுத்து வந்தேன். என் கண்ணாடிக் கூட்டை மேசையில் வைத்து, முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என்று வெங்காயங்களை அடுக்கினேன்.

"நல்லா கவனி. ஆல் வீல் டிரைவ்ல நாலு சக்கரத்துக்கும் எஞ்சினோட பலம் தானாவே போகும். எந்தச் சக்கரம் வழுக்குதோ அதுக்குக் குறைச்சு, எதுக்குப் பிடிப்பு இருக்கோ அதுக்குக் கூட்டிக் குடுத்துக்கும். ஓட்டுறவங்க ஒண்ணும் பண்ண வேண்டாம்."

"நல்லதாப் போச்சே."

"என்ன நல்லது? ஒண்ணும் பண்ண வேண்டாம்னா ஓட்டுறவன் எதுக்கு? இப்போ ஃபோர் வீலைப் பாரு. சாதாரணமாப் போறப்ப பின்னாடி இருக்கற ரெண்டு வெங்காயம் மட்டும்தான் தள்ளும். சேறு வந்தா, மேடு வந்தா, நாம முடிவு பண்ணி லீவரைப் போடணும். முன் சக்கரமும் பின் சக்கரமும் ஒண்ணாப் பூட்டிக்கும். நாலும் சேர்ந்து ஒரே வேகத்துல இழுக்கும். எவ்வளவு பாரம் இருந்தாலும் ஏறும். சேறு முடிஞ்சதும் நாமளே எடுத்துடணும். எடுக்காம காய்ஞ்ச தரையில வளைச்சுத் திருப்பினா வண்டி முரண்டு பிடிக்கும். அதெல்லாம் ஓட்டுறவன் ஞாபகம் வெச்சுக்கணும்."

"நீங்க ஞாபகம் வெச்சுப்பீங்களா?"

"நான்தானே உனக்கே சொல்லிக் குடுக்கறேன்!"

அவள் வெங்காயங்களைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "புரிஞ்சுடுச்சுங்க. யாரும் சொல்லாமலே எங்க வேலை இருக்கோ அங்க ஓடறது ஆல் வீல். அது நான். சும்மா கூடவே உருண்டு வந்துட்டு, யாராவது லீவரைப் போட்டா மட்டும் இழுக்கறது ஃபோர் வீல். அது நீங்க. வீட்டுல ஏற்கெனவே ஒண்ணு இருக்கு, எதுக்கு இன்னொண்ணு?"

சொல்லிவிட்டு வெங்காயங்களை அள்ளிக்கொண்டு போய்விட்டாள். அன்றிலிருந்து தினமும் ஏதாவது ஒரு சாக்கில், "ரெண்டும் ஒண்ணுதானே?" என்பாள். தினமும் நான் மேசையைத் தட்டிப் பாடம் நடத்துவேன். சோப்புத் தீரும்வரை கை கழுவிக்கொண்டே கேட்பாள். கடைசியில், "எனக்கென்னவோ அந்தக் குட்டி வண்டிதான் பிடிச்சிருக்கு" என்பாள்.

அவள் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல என் லீவர் ஆசை வளர்ந்துகொண்டே போனது. கடையில் வில்லையை மாற்றும்போதுகூட என் கை தானாகக் கீழே போய் எதையோ பிடித்து இழுத்தது. நாற்காலியில் இருந்தவர் பொத்தென்று அரையடி கீழே இறங்கினார். அது நாற்காலியின் உயரத்தை மாற்றுகிற பிடி.

இப்படிப் பேசிப் பயனில்லை, கண்ணால் பார்த்தால்தான் நம்புவாள் என்று தோன்றியது. இரண்டு வண்டிகளையும் வீட்டுக்கே கொண்டு வரச் சொல்லி, ஓட்டிப் பார்த்துவிடலாம் என்றேன். "சரிங்க" என்று உடனே ஒப்புக்கொண்டாள். விற்பனைக்காரரும் சனிக்கிழமை காலை வருவதாகச் சொன்னார். ஒரே ஒரு சிக்கல். மழையே இல்லை. பாதை காய்ந்து கட்டாந்தரையாகக் கிடந்தது. அதில் என் கடை நாற்காலிகூட ஏறிவிடும். குட்டி வண்டி ஜம்மென்று ஏறிவிட்டால் என் லீவர் அதோடு போச்சு.

அப்போதுதான் அந்தத் திட்டம் உதித்தது. மழை வராவிட்டால் என்ன, நான் வரவழைக்கிறேன்.

எங்கள் வீட்டுத் தண்ணீர்க் குழாய் நர்சரியில், மனைவியின் ஆட்சியில் இருக்கிறது. அதனால் பக்கத்து வீட்டுக்காரரிடம் போனேன். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் 'ஆமாம் சார்'. யார் எதைச் சொன்னாலும் ஆமாம் என்பார். ஒரே நேரத்தில் இரண்டு பேர் சண்டை போட்டால் இரண்டு பேருக்கும் சொல்வார்.

"உங்க ஹோஸ் பைப்பைக் கொஞ்சம் குடுங்க."

"ஆமாம் சார். செடிக்கா?"

"ரோட்டுக்கு."

"ஆமாம் சார். அதுவும் வாடித்தான் கிடக்கு."

"என் மனைவிக்குத் தெரிய வேண்டாம்."

"ஆமாம் சார்."

சனிக்கிழமை விடியற்காலையில், பூனை நடை நடந்து போய், பாதையின் நடுப்பகுதியை ஆசை தீர நனைத்தேன். காலால் மிதித்துப் பதம் பார்த்தேன். கணுக்கால்வரை இறங்கியது. குளித்துவிட்டு, கட்டில் மேல் இருந்த சட்டையைப் போட்டுக்கொண்டு, ஒன்றும் அறியாதவன் மாதிரி செய்தித்தாளை விரித்தேன். மனைவி எட்டிப் பார்த்து, "பேப்பரைத் தலைகீழாப் பிடிச்சிருக்கீங்க" என்றாள்.

நான் நினைத்ததைவிடச் சீக்கிரமாகவே வண்டிகள் வந்துவிட்டன. விற்பனைக்காரர் ஒன்றை ஓட்டி வந்தார், அவருடைய டிரைவர் இன்னொன்றை. தார் ரோட்டில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. குட்டி வண்டி வெள்ளை வெளேரென்று மின்னியது. ஃபோர் வீல் டிரைவ் பச்சையாக, முரட்டுத்தனமாக, எனக்காகவே பிறந்ததுபோல் நின்றது. ஆமாம் சார் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வேலியோரம் வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்.

"என்னங்க இது, நேத்து மழை பெஞ்சுதா?" என்று மனைவி பாதையைப் பார்த்துக் கேட்டாள்.

"லேசா ஒரு தூறல்."

"நம்ம பாதைல மட்டுமா?"

"மழையை நான் என்ன கேக்க முடியும்? நீ முதல்ல உன் சோப்புக் கட்டியை ஓட்டு."

அவள் ஏறி உட்கார்ந்து, கண்ணாடியைச் சரிசெய்து, மெதுவாக வண்டியை விட்டாள். சேற்றுக்கு வந்ததும் ஒரு சக்கரம் வழுக்கியது. எனக்கு உள்ளுக்குள் பட்டாசு வெடித்தது. அடுத்த கணமே வண்டி ஒரு முனகல் முனகியது, தன்னைத்தானே சமாளித்துக்கொண்டது, கொஞ்சம் இப்படியும் அப்படியும் ஆடி மேலே போய்ச் சேர்ந்துவிட்டது. ஓட்டுகிறவர் ஒன்றும் பண்ண வேண்டாம் என்று நான் சொல்லிக்கொடுத்தது அப்படியே நடந்தது. மேலேயிருந்து எனக்குக் கையாட்டினாள்.

பரவாயில்லை, இனிமேல்தான் ஆட்டம் என்று பச்சை வண்டியில் ஏறினேன். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டேன். என் கடைச் சரக்கு. ஆக்சிலேட்டரை ஒரே மிதி. வண்டி சிங்கம்போலப் பாய்ந்தது. பாதையின் நடுப்பகுதிவரை சிங்கம். அதற்குப் பிறகு எருமை. பின் சக்கரங்கள் நின்ற இடத்திலேயே சுற்றின. நான் இன்னும் அழுத்தினேன். அவை இன்னும் சுற்றின. நான் விடியற்காலையில் பாசத்தோடு குழைத்து வைத்த சேறு முழுவதும் பறந்து போய் ஆமாம் சாரின் வெள்ளைச் சட்டையில் படிந்தது.

"வண்டி சரியில்ல!" என்று ஜன்னல் வழியாகக் கத்தினேன்.

"ஆமாம் சார்" என்றது சேறு.

மனைவி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நிதானமாக இறங்கி வந்தாள். ஜன்னலைத் தட்டினாள்.

"ஆக்சிலேட்டர்ல இருந்து காலை எடுங்க."

எடுத்தேன்.

"லீவரைப் போட்டீங்களா?"

இந்த இடத்தில் என் முகத்தை உங்களுக்கு விவரிக்க வேண்டியதில்லை. எத்தனை நாளாக, எத்தனை வேளைச் சாப்பாட்டில் பேசிய லீவர்! என் முழங்காலுக்குப் பக்கத்திலேயே, தொடுவாரில்லாமல், நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தது.

"இப்பதான் போடலாம்னு..."

"கொஞ்சம் அந்தப் பக்கம் நகருங்க."

நகர்ந்தேன். ஏறி உட்கார்ந்தாள். லீவரை ஒரு தட்டுத் தட்டிப் போட்டாள். மெதுவாகக் கிளப்பினாள். நாலு சக்கரமும் ஒன்றாகப் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தன. என்னையும் என் மானத்தையும் தூக்கிக்கொண்டு வண்டி மேட்டில் ஏறி, எங்கள் சிமெண்ட் முற்றத்தில் போய் நின்றது. அவள் இறங்கினாள். விற்பனைக்காரரும் ஆமாம் சாரும் பின்னாலேயே ஏறி வந்து சேர்ந்தார்கள்.

அங்கேயே விட்டிருக்கலாம். விடவில்லை. போன மானத்தை முற்றத்திலேயே மீட்டுவிட வேண்டும் என்று மறுபடியும் ஓட்டும் இருக்கைக்கு வந்து, ஸ்டியரிங்கை முழுசாக வளைத்து, ஒரு வட்டம் அடித்துக் காட்டினேன். வண்டி கடகடவென்று உதறியது. தடுக்கித் தடுக்கிக் குதித்தது. அடியில் ஏதோ நறநறத்தது.

"ஏதோ உடைஞ்சுடுச்சு!" என்று கத்திக்கொண்டே குதித்து இறங்கினேன்.

"லீவரை எடுத்தீங்களா?" என்றாள் மனைவி.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை. விற்பனைக்காரர் ஓடிப்போய் லீவரை எடுத்தார், வண்டி சாதுவாகிவிட்டது.

"உனக்கு எப்படி இதெல்லாம் தெரியும்?" என்றேன்.

"நீங்கதானே தினமும் சொல்லிக் குடுத்தீங்க? நீங்க பேசினீங்க, நான் கேட்டுக்கிட்டேன்."

ஆசைப்பட்ட லீவரைப் போடவும் தெரியவில்லை, எடுக்கவும் தெரியவில்லை. நிஜமாகவே வருத்தமாக இருந்தது. "சரி, உன் குட்டி வண்டியையே வாங்கிடலாம்" என்றேன்.

இதைக் கேட்டு அவள் மகிழ்ச்சியில் குதிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் முகம் ஒரு நொடி மாறியது. பிறகு பெருமூச்சு விட்டாள்.

"அதுவும் சரிதாங்க. பெரிய வண்டி உங்களுக்குக் கொஞ்சம் கஷ்டம்தான். என்ன, ஆமாம் சார் நாளைக்குத் தெருவெல்லாம் சொல்லுவார். 'கண்ணாடிக்காரருக்கு முட்டிக்குப் பக்கத்துல இருக்கற லீவர் தெரியல'ன்னு."

"ஆமாம் தங்கச்சி" என்றார் ஆமாம் சார், காதிலிருந்து சேற்றைத் துடைத்தபடி.

ரத்தம் தலைக்கு ஏறியது. "யாருக்குக் கஷ்டம்? எனக்கா? இந்தப் பச்சை வண்டிதான். இன்னிக்கே. முடிஞ்சுது பேச்சு!"

"பாத்துச் சொல்லுங்க" என்றாள் அவள் பயந்ததுபோல்.

"பாக்கறதுக்கு ஒண்ணும் இல்ல!"

விற்பனைக்காரர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "ரொம்ப சந்தோஷம் சார். நீங்களும் ஒத்துக்கிட்டா முடிச்சுடலாம்னு மேடம் சொல்லியிருந்தாங்க. உங்க வண்டி போன மாசமே தயார். அவங்க கேட்ட அதே பச்சை. பின்னாடி டிரெய்லர் இழுக்கக் கொக்கியும் மாட்டியாச்சு."

"போன மாசமா?"

"ஆமா சார். இன்னிக்குக்கூட, பாதை காயறதுக்குள்ள வந்துடுங்கன்னு காலைல மேடமே போன் பண்ணாங்க. அதான் சீக்கிரம் வந்துட்டோம்."

நான் மெதுவாகத் திரும்பி மனைவியைப் பார்த்தேன். பிறகு ஆமாம் சாரைப் பார்த்தேன்.

"நான்தான் தெரிய வேண்டாம்னு சொன்னேனே?"

"நீங்க சொன்னதுக்கும் ஆமாம்னேன் சார். 'எங்க வீட்டுக்காரர் ரோட்டுக்குத் தண்ணி விடறாரா'ன்னு தங்கச்சி கேட்டாங்க. அதுக்கும் ஆமாம்னேன்."

விற்பனைக்காரர் போன பிறகு முற்றத்துப் படியில் உட்கார்ந்தோம். எனக்குக் கோபம் வர வேண்டும். தேடிப் பார்த்தேன், வரவில்லை.

"எனக்கு மண் மூட்டை ஏத்தணும், தொட்டி ஏத்தணும், பின்னாடி டிரெய்லர் கட்டணும்" என்றாள். "ஊர் ரோட்டுக்கு அந்தக் குட்டி வண்டி போதும். தினமும் பாரத்தோட இந்தச் சேத்துல ஏற லீவர் வண்டிதான் சரி. நீங்க வெங்காயம் அடுக்கறதுக்கு முன்னாடியே விசாரிச்சு வெச்சுட்டேன். மழை இல்லையே, எப்படி ஏத்திப் பாக்கறதுன்னுதான் யோசிச்சுட்டு இருந்தேன். நல்லவேளை, நீங்களே தண்ணி விட்டீங்க."

"இதை நேரா என்கிட்ட கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டா என்ன சொல்லியிருப்பீங்க?"

யோசித்தேன். எனக்கு என்னைத் தெரியும்.

"நான் கேட்டா 'பாக்கலாம்'னு சொல்லுவீங்க. நான் வேண்டாம்னு சொன்னா அன்னிக்கே கிளம்பிடுவீங்க. அதுதாங்க உங்க லீவர்."

வண்டி வந்து இப்போது ஒரு மழைக்காலம் ஆகிவிட்டது. நான் உர மூட்டையைத் தோளில் தூக்குவதில்லை. என் செருப்பு காலிலேயே இருக்கிறது. அவளுடைய செடி வியாபாரம் நன்றாக நடக்கிறது. வண்டியை அவள்தான் ஓட்டுகிறாள். பின்னால் மூட்டைகள், அதற்கும் பின்னால் டிரெய்லர், பக்கத்து இருக்கையில் நான், என் மடியில் உடையக்கூடிய தொட்டி ஏதாவது ஒன்று. ஆனால் ஒன்று சொல்லிவிடுகிறேன். லீவர் என் பொறுப்பு. மேடு வந்ததும் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், "ஏங்க, போடுங்க" என்பாள். போடுவேன். முற்றத்துக்கு வந்ததும், "எடுங்க" என்பாள். எடுப்பேன். இதுவரை ஒருமுறைகூட மறந்ததில்லை. எனக்கு இதில் ரொம்பத் திருப்தி. கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம், எங்கள் வண்டியில் லீவர் என் கையில்தான் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

நேற்று நல்ல மழை. மேட்டில் அலுங்காமல் ஏறி வந்து நின்றோம். அவள் நல்ல மனநிலையில் இருந்தாள். தொட்டியை மடியிலிருந்து இறக்காமலே, மெல்லக் கேட்டேன்.

"நாளைக்கு ஒரு தடவை நான் ஓட்டட்டுமா?"

சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு சொன்னாள்.

"பாக்கலாம்."